மரியதாஸ் அண்ணையின் தோளும் உயிலும்

விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது டொக்டரின் தொழில். எங்கே விழுந்தாய், ஆர் விழுத்தினது, விழுந்து கிடந்தபோது வாயைத் திறந்து என்ன சொன்னாய் என்று குடைவது எங்கள் தொழில்.

'எங்கள்' என்றதும் என்னை லோயர் என்று நினைத்துவிடாதீர்கள். சிட்னியில், பரமட்டாவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற சின்ன லோயர் கந்தோரில் தமிழ்ச் சனத்துக்கு மொழிபெயர்க்கிற கிழவன் நான். கந்தோரின் சொந்தக்காரி நிர்மலா. சின்னப் பிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டியவர். இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் பேசுவார். இரண்டு மொழியிலும் என்னை ஏமாற்ற முடியாது என்று நான் சொல்லுவேன். இரண்டு மொழியிலும் என்னை நம்ப முடியாது என்று அவர் சொல்லுவார். கார் இடித்தவர்களுக்கு இழப்பீடு வாங்கிக் கொடுப்பதும், இனியும் கார் இடிக்கலாம் என்று பயந்தவர்களுக்கு உயில் எழுதிக் கொடுப்பதும்தான் எங்கள் வியாபாரம்.

சொந்தக்காரருக்காக ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ மொழிபெயர்க்கப் போய், இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பிய அன்பர்களே, இது உங்களுக்காக. நான் பார்த்ததில் முக்கால்வாசி மரியதாஸ் அண்ணையின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன்; உயரத்தை மாற்றவில்லை. மன்னார்க்காரர். ஆள் கட்டை, குரல் நெட்டை. மனிசி காலமான பிறகு அவரை வைத்துப் பார்க்கிறவள் அவருடைய தங்கச்சி மகள் சாந்தி. காலையில் குளிசை, மத்தியானம் மீன் குழம்பு, பின்னேரம் ஏச்சு, எல்லாம் அவள் கையால்தான். ஒரே மகன் ரோய் மெல்பேணில். நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும் ஃபோன் எடுப்பான். எடுத்தால், 'வீடு இப்ப என்ன விலைக்குப் போகும் அப்பா?' என்று சுகம் விசாரிப்பான். அண்ணை கண்ணை மூடிய அடுத்த கிழமை வீடு விற்பனைக்கு, சாந்தி தெருவுக்கு. அது நடக்கக்கூடாது, வீடு சாந்திக்கே போகவேண்டும் என்பது அண்ணையின் ஒரே ஆசை. அந்த ஆசைக்கு எதிரி மகன் இல்லை. அண்ணையின் நல்ல குணம்தான் என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

இடித்தவனுக்குத் தேத்தண்ணி

நார்த்மீட்டில் தன் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள கடவையில், பாண் பையோடு தெருவைக் கடந்தபோது ஒரு கார் வந்து அண்ணையைத் தட்டிவிட்டது. வலது தோளில் நல்ல அடி. ஓட்டிவந்த பொடியன் இறங்கி நின்று நடுங்கி, அழவே தொடங்கிவிட்டான். அழுகிற பிள்ளையை நடுத்தெருவில் விடுகிற ஆட்களா நாங்கள்? விழுந்து கிடந்த மனுசன் எழும்பி, 'நோ ப்ரொப்ளம், மை மிஸ்டேக், கம், கம்' என்று அவனை உள்ளே கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, குசினிக்குள் இருந்த சாந்தியிடம் தேத்தண்ணி போடச் சொல்லியிருக்கிறார். பொடியன் இரண்டாவது ரோல்ஸைக் கடிக்கும்போதுதான் தன்னுடைய வலது கை மேலே எழும்பவில்லை என்பது அண்ணைக்குத் தெரிந்ததாம்.

கந்தோரில் நிர்மலா பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, 'காரின்ர நம்பர்?' என்றார். தெரியாது. 'ஓட்டின ஆளின்ர முழுப்பெயர்?' தெரியாது. ஆனால் பொடியனின் தாய்க்கு இரத்தத்தில் சீனி கூடின வருத்தம், தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் இறுக்கமான ஆட்கள், இவ்வளவும் தெரியும். நிர்மலா பேனையை மூடினார். 'மை மிஸ்டேக் எண்டு ஏன் அங்கிள் சொன்னனீங்கள்?' என்று கேட்டதற்கு அண்ணை என்னைப் பார்த்து, 'டேய் நெட்டையா, இந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்து. பயந்து நடுங்கிறவனிட்டை உன்ர பிழை எண்டு சொல்லேலுமோ?' என்றார். என்னை அவர் கூப்பிடுகிற பெயர் அதுதான். நான் கொஞ்சம் உயரம். மாம்பழம் பறிக்க எனக்கு ஏணி தேவைப்பட்டதில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுவோம்.

வழக்குக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை என்று நாங்கள் கைவிடப் போன நேரம், அந்தப் பொடியன் தானாக வந்து அண்ணை வீட்டுக் கதவைத் தட்டினான். தாய்க்கென்று சாந்தி ரோல்ஸ் கட்டிக் கொடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். வெறும் பெட்டி கொடுக்கக்கூடாதென்று அந்தத் தாய் உள்ளே இனிப்பு நிரப்பி அனுப்பியிருந்தார். இனிப்போடு, கார் நம்பரையும் காப்புறுதி விவரத்தையும், பிழை தன்னுடையதுதான் என்பதையும் பொடியனே சொல்லிவிட்டுப் போனான். நிர்மலாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. சாந்திக்கு ஃபோன் எடுத்து, நீர்தான் இந்த வழக்கைக் காப்பாற்றினீர் என்று புகழ்ந்து தள்ளினார். சாந்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அதை விடுங்கோ அக்கா. குடுத்த பெட்டி மூடியோட திரும்பி வந்த வீட்டை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

நல்ல சுகம்

காப்புறுதிக் கொம்பனி தன்னுடைய டொக்டரிடம் அண்ணையை அனுப்பச் சொன்னது. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளரின் ரயில் எங்கேயோ நின்றுவிட, துணைக்குப் போன என்னையே அந்த டொக்டர் இருத்திவிட்டார். சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும், ஒரு சொல்லும் கூட்டக்கூடாது என்று கட்டளை. என் வாழ்நாளில் நான் கூட்டாமல் சொன்ன ஒரே கதை அன்றைக்குத்தான். அதனால்தான் அப்படிக் கெட்டுப்போனது.

'எப்படி இருக்கிறீர்கள்?' என்று டொக்டர் கேட்டார். அண்ணை கதிரையில் நிமிர்ந்து, 'ஆண்டவற்றை கிருபையால நல்ல சுகம். ஐயா எப்பிடி? வீட்டுக்காரர் எல்லாரும் சுகமோ?' என்றார். உடம்பில் நோ இருக்கிறதா? 'ஆருக்குத்தான் இல்லை?' நித்திரை? 'படுத்தால் வரும்தானே.' கையைத் தூக்க முடியுமா? படித்த மனுசன் கேட்டுவிட்டார், முடியாது என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்து, நெற்றி வேர்த்து, கண் கலங்கி, கையைக் காது மட்டும் கொண்டுபோய்விட்டார். டொக்டரின் அறிக்கை வந்தது. இவர் நல்ல சுகமாக இருக்கிறார், என்னுடைய சுகத்தைப் பற்றித்தான் இவருக்குக் கவலை என்ற மாதிரி ஒரு பக்கம்.

நிர்மலா அண்ணையைக் கூப்பிட்டு இருத்தி, அடுத்த டொக்டரிடம் மரியாதையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும், நொந்தால் நோகுது என்று சொல்லவேண்டும் என்று பாடமெடுத்தார். அண்ணை பாடத்தைச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த இடத்தில் வரவேற்பில் இருந்த பெட்டை பெயரைக் கேட்டாள். 'நோகுது' என்றார். பிறந்த திகதி? 'சரியான நோ.' தண்ணீர் வேண்டுமா? 'அம்மா, ஏலாது.' லிஃப்டில் இருந்த முன்பின் தெரியாத ஆளுக்கும் சொன்னார். திரும்பி வந்து நான் ஒப்புவித்ததைக் கேட்டு நிர்மலா தலையில் கை வைத்தார்: "அங்கிள், நான் கேட்டது உண்மை. அவர் சொல்லிக்கொண்டு போனது செபமாலை."

கட்டைக்கும் தோளுக்கும் நடுவே

ஒரு நாள் கொம்பனியின் லோயர், டை கட்டின வெள்ளைக்காரர், அண்ணையும் இருக்கிற நேரம் பார்த்து எங்கள் கந்தோருக்கு வந்தார். முகத்தில் புதுமாப்பிள்ளைச் சிரிப்பு. மடிக்கணினியைத் திறந்து ஒரு வீடியோவைப் போட்டார். கொம்பனி ஒரு ஆளை வான் வண்டிக்குள் ஒளித்து இருத்தி அண்ணையைப் படம் பிடித்திருக்கிறது. பார்த்தால் எங்கள் அந்தோனியார் திருவிழா! அந்தோனியார் சொரூபத்தை நீளக் கட்டைகளில் சுமந்துகொண்டு சுற்றுப் பிரகார ஊர்வலம் வருகிறது. வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையே தூக்க முடியாது என்று வழக்குப் போட்ட மரியதாஸ் அண்ணை, வலது பக்கக் கட்டையைத் தோளில் தாங்கி, வாயால் பாட்டு, கண்ணில் பக்தி. அவருக்கு முன்னால் அதே கட்டையைச் சுமந்தபடி, பனை மாதிரி இன்னொரு கிழவன். 'அங்கிள், இது நீங்கள்தானே?' என்றார் நிர்மலா. முன்னுக்கும் நெட்டை, பின்னுக்கும் நெட்டை, நடுவில் அண்ணை. நான் மெல்லக் கதவைப் பார்த்தேன்.

அண்ணை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன். நிர்மலா கண்ணாடியைப் போட்டு, படத்தை நிற்பாட்டி, பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கட்டை என் தோளில் இருந்தது. பின்னால் வந்தவரின் தோளிலும் இருந்தது. அண்ணையின் தோளுக்கு மேலே மட்டும் ஒரு சாண் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள்ளால் அங்காலே நிற்கிற ஐஸ்கிறீம் வான் தெரிந்தது, அதில் எழுதியிருந்த எழுத்தும் தெரிந்தது. மனுசன் இடது கையால் கட்டையைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார், அவ்வளவுதான். எட்டவில்லை. அந்தத் திருவிழாவில் மட்டுமில்லை, எந்தத் திருவிழாவிலும் எட்டியிருக்க நியாயமில்லை. எனக்கு ஏன் வருசா வருசம் திருவிழா முடிய ஒரு கிழமைக்குத் தோள் அப்படி நோகும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

வெள்ளைக்காரரின் சிரிப்பு இறங்கிவிட்டது. நியாயமான ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கணினியை மூடினார். ஆனால் அண்ணையின் முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. அந்தக் கட்டைக்குக் கீழே தோள் கொடுக்க எத்தனையோ பேர் காத்திருக்க, ஒவ்வொரு முறையும் தன் இடத்தை விடமாட்டேன் என்று சண்டை பிடித்தவர் அவர். மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "தோத்திருந்தாலும் எனக்குக் காரியமில்லை பிள்ளை. இந்த இடைவெளி கோயில் சனத்துக்குத் தெரிய வந்தால் நான் செத்தன். முக்கியமாய்ச் சாந்திக்குத் தெரியக்கூடாது."

ஒன்றாகச் செத்தால்

நடுவில் ஒரு சின்னக் கதை, மூச்சு விட. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி உயில் எழுத வந்தார்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, ஒரு குழந்தை. சொத்தெல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. குழந்தையை ஆரிடம் ஒப்படைப்பது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கணவர் தன் அம்மா என்றார். மனைவி தன் அம்மா என்றார். பிறகு அவர் அவளுடைய அம்மாவின் சாம்பாரைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் அவருடைய அம்மாவின் வாயைப் பற்றி ஏதோ சொல்ல, கீழே பேக்கரிக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

நிர்மலா இரண்டு கையையும் தூக்கிச் சமாதானம் பண்ணினார். ஒருவர் போனால் மற்றவர் இருப்பார், அதனால் பிரச்சினையில்லை. இது நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒன்றாகப் போனால் மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினார். மனைவி சட்டென்று அடங்கி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்படின்னா இவங்க அம்மா பேரையே போட்டுக்கோங்க மேடம். ஒண்ணாப் போறதா? நான் கார்ல உக்காந்து ஹார்ன் அடிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான் இவர் ஷூவே தேடுவார்."

தபால் கந்தோர் உயில்

இழப்பீடு கைக்கு வந்ததும் அண்ணை முதல் வேலையாகச் சாந்தியின் குசினிக்குப் புது அடுப்பு வாங்கிப் போட்டார். இரண்டாவது வேலை உயில். அதை நிர்மலாவிடம் எழுதுவித்தால் கரைச்சல் என்று, தபால் கந்தோரில் விற்கிற உயில் படிவம் ஒன்றை வாங்கித் தானே எழுதி முடித்து, முடித்த பிறகு எங்களிடம் காட்ட வந்தார். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில், பாட்டுக்குழு மாஸ்டரையும் சாந்தியையும் இரண்டு பக்கமும் நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் ஒப்பம் வைத்தாராம். கேக்கும் வெட்டினார்களாம். வீடு வாசல் அத்தனையும் சாந்திக்கு என்று வடிவாக எழுதியிருந்தது. கீழே சாட்சிகள்: மாஸ்டர் ஒருவர், மற்றது சாந்தி.

நிர்மலா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஆர் தலையிலோ இடி விழப்போகிறது என்று அர்த்தம். 'அங்கிள், சாந்தியை ஏன் சாட்சி வைச்சனீங்கள்?' அண்ணைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கலியாண எழுத்தென்றால் ஆர் சாட்சி? மிகவும் வேண்டப்பட்டவர். மாமனை விட்டுவிட்டு ஒன்றுவிட்ட ஆளைச் சாட்சி வைத்தால் அந்தக் குடும்பம் எத்தனை வருசம் கதைக்காமல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'என்ர பிள்ளையை விட்டிட்டு ரோட்டிலை போறவனையோ வைக்கிறது?' நிர்மலா மெல்லமாகச் சொன்னார்: ரோட்டில் போகிறவனைத்தான் வைக்கவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில், உயிலில் பங்கு கிடைக்கிற ஆள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அந்த ஆளுக்கு எழுதின பங்கு செல்லாமல் போகலாம். செல்லாமல் போனால் வீடு மகன் ரோய்க்கு. சாந்தி கோர்ட்டில் ஏறி, மாமாவை நான் ஏமாற்றவில்லை என்று நிரூபித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

அண்ணை உயில் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'எல்லா ஊரிலையும் உதுதான் சட்டமோ?' என்று கேட்டார். நிர்மலா பொய் சொல்லத் தெரியாதவர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், விக்டோரியாவில் இந்த விதி இல்லை, மெல்பேணில் என்றால் சாந்தியின் கையெழுத்தால் பழுதில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணையின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் தான் மெல்பேணுக்குப் போய்ச் சாகிறாராம். அதுவும் உதவாது, வீடு நார்த்மீட்டில்தானே இருக்கிறது, வீடு இருக்கிற ஊர்ச் சட்டம்தான் என்றார் நிர்மலா. அண்ணை என் பக்கம் திரும்பினார்: "நெட்டையா, இஞ்சை வீடுகளை லொறியிலை ஏத்திக்கொண்டு போறதை நான் ரீவீயிலை பாத்தனான். விலையைக் கேட்டுச் சொல்லு."

சொரூபம் தன்னைத் தூக்குமோ

அதற்குப் பிறகு அண்ணை எங்களோடு கோபம். புது உயில் எழுதுவோம், சாந்தி மட்டும் சாட்சியாக வேண்டாம் என்று நிர்மலா எத்தனை தடவை சொல்லியும், ஊரறியக் கூப்பிட்டு நிறுத்திய பிள்ளையை இப்போது விலத்தி நில் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்று ஒரே பிடி. அப்படியிருக்க அண்ணைக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பு என்று டொக்டர் சொல்லி, ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். சாந்தி எனக்கு ஃபோன் எடுத்தாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'மாமா ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி உங்களோட கோபம் ஆறினால் நல்லது அங்கிள், அவருக்கு நித்திரை வருகுதில்லை' என்றாள். அடுத்த நாள் காலையில் நிர்மலா புது உயிலோடும், நான் வெறுங்கையோடும் நார்த்மீட்டுக்குப் போனோம்.

குசினி மேசையில் அண்ணை இருந்தார். ஆஸ்பத்திரிப் பை பக்கத்தில் தயாராக நின்றது. நிர்மலா தாளை வைத்தார். அண்ணை பேனையை எடுக்கவில்லை. 'சாந்தி முதல் ஒப்பம் வைக்கட்டும். அவள் வையாத கடதாசியிலை நானும் வையன்.' நிர்மலா சட்டத்தைச் சொன்னார், கோர்ட்டைச் சொன்னார், ரோயைச் சொன்னார். 'அன்பு வைச்சவளை வாசலுக்கு வெளியிலை விடுற சட்டம் என்ன சட்டம் பிள்ளை?' என்று அண்ணை கேட்டார். நிர்மலா தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். சாந்தி அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ ஆறிவிட்டது.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் திருவிழா தெரியும். 'அண்ணை, ஒண்டு கேக்கிறன். பிரகாரத்திலை கட்டையைத் தூக்கிறது ஆர்?' என்றேன். அண்ணை திடுக்கிட்டு என்னை முறைத்தார். நான் இடைவெளிக் கதையை அவிழ்க்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். 'தூக்கிறவன் தூக்கிறான். உனக்கென்ன?' என்றார். 'தூக்கிறது நாங்கள். அந்தோனியார் மேலை இருக்கிறார். இவ்வளவு காலத்திலை அவர் எப்பவாவது இறங்கி வந்து தன்ர கட்டைக்குத் தானே தோள் குடுத்தவரோ? குடுத்தால் மேலை ஆர் இருக்கிறது? சாட்சி எண்டது கட்டை தூக்கிற வேலை, அண்ணை. அதுக்கு நானும் இந்த லோயர் பிள்ளையும் காணும், வேறை ஆள் தேவையில்லை. இந்தக் கடதாசியிலை சொரூபம் சாந்தி. சொரூபத்தைக் கட்டைக்குக் கீழை நிப்பாட்டிறதோ மரியாதை?'

அண்ணை மூக்கை உறிஞ்சினார். பிறகு, கிட்டத்தட்டக் கோபமாக, 'சாந்தி, நீ வெளியிலை போ. நீ இதிலை நிக்கக்கூடாது. கொடியிலை உடுப்பைப் போடு, போ' என்றார். அவள் ஒன்றும் கேட்காமல் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின் வளவுக்குப் போனாள். நானும் நிர்மலாவும் இரண்டு பக்கமும் நின்றோம். அண்ணை பேனையை எடுத்தார். அடிபட்ட தோள், கை தாளுக்கு மேலே வந்து, அப்படியே நின்றது, இறங்கவில்லை. நோவா, பயமா, மகனின் நினைப்பா, எனக்குத் தெரியாது. அப்போது ஜன்னலுக்கு வெளியே, கொடியில் அண்ணையின் திருவிழாச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டே சாந்தி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். அந்தச் சட்டையை வருசா வருசம் தோய்த்து மடிக்கிறவள் அவள்தான். தோளில் ஒரு கசங்கல் கூட இல்லாத சட்டை. "நெட்டை அங்கிள், பேனை கடதாசியிலை முட்டுதோ எண்டு குனிஞ்சு பாருங்கோ! முட்டாமல் பிடிச்சுக்கொண்டு நடக்கிறதிலை என்ர மாமா கெட்டிக்காரன்!"

பேனை முட்டியது, அண்ணையும் ஆஸ்பத்திரியால் நெஞ்சு திறந்து மூடித் திரும்பி வந்தார், இந்தத் திருவிழாவுக்கும் தன் இடத்துக்குச் சண்டை பிடித்து என் பின்னால் அதே பக்தியோடு நடந்து வந்தார், தோள் மட்டும் வழக்கம்போல எனக்குத்தான் நோகிறது.